மோஸியின் வலது காது

டோர்ஃபிக்கு எதையும் ஒரே தடவையில் சொல்லிப் புரியவைத்தவர் கிரௌதால் பள்ளத்தாக்கில் இதுவரை பிறக்கவில்லை. அவர் மடையர் அல்ல. ஆனால் யார் எதைச் சொல்லி முடித்தாலும், "இரு, இரு, எனக்கு ஒண்ணு புரியல" என்று ஆரம்பிப்பார். அந்த ஒன்று பெரும்பாலும் சொன்னவருக்கே புரியாத ஒன்றாக இருக்கும். அதனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அவரிடம் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. வேலையை மட்டும் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

மனிதர்களின் பெயரும் அவர் மண்டையில் நிற்காது. சொந்த மச்சினியை இரண்டு தப்பான பெயர்களில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணும் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஆடு என்றால் மட்டும் கதை வேறு. செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கி, இருபது பண்ணை ஆடுகள் கலந்து நிற்கும் வட்டப் பட்டியில் பிரிக்கும்போது, டோர்ஃபி முகத்தைப் பார்த்தே இது யார் வீட்டு ஆடு, இதன் தாய் போன வருஷம் எந்தச் சரிவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். நம்பாதவர்கள் காதைப் பிடித்துப் பார்ப்பார்கள். காதில் குத்தும் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை விழும், மாறும். குட்டிப் பருவத்தில் கத்தியால் போட்ட காது வெட்டு மட்டும் சாகும்வரை மாறாது. பண்ணைக்கு ஒரு வெட்டு உண்டு. அதை எப்போதும் வலது காதிலிருந்துதான் படிக்க வேண்டும். வலது என்றால் ஆட்டின் வலது, பார்க்கிறவருடைய வலது அல்ல. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இதைத் தெரிந்துகொண்டுவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டோர்ஃபியின் பிரெக்கா பண்ணையில் ஒரே ஒரு பெண்ணாட்டுக்கு நடுக்கு நோய் கண்டது. ஒன்றுக்கு வந்தால் மந்தையையே அழித்துவிட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள், இரண்டு நாள், ஐந்து லாரி. ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துத்தான் அவர் ஏற்றிவிட்டார். அந்த இரண்டு நாளும் அவர் யாரிடமும் எதுவும் புரியவில்லை என்று சொல்லவில்லை. பிறகு கொட்டகையைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மேல்மண்ணை அள்ளிப் புதைத்துவிட்டு, பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். ஊர் மன்றத்தின் சாவியும் அவர் கைக்கு வந்தது.

மனைவி ஆல்டா முதல் குளிர்காலம் பொறுத்தாள். இரண்டாவது குளிர்காலம் தொடங்கும்போதே ஆக்குரேரி நகரத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஜன்னலில் கடல் தெரியும், கீழேயே ரொட்டிக் கடை. சண்டை எதுவும் நடக்கவில்லை. உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் கொட்டகையில் ஆடு வந்து நின்றால் பிரெக்காவில் இருப்பது, இல்லாவிட்டால் பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்குப் போவது. டோர்ஃபிக்கு அப்போது வயது அறுபத்தொன்று. இன்னொரு வருஷம் தள்ளிப்போடச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆடு கிடைக்கும் வழி ஒன்றுதான் இருந்தது. பொட்டல் மலைக்கு அந்தப்பக்கம் நோயே எட்டிப் பார்க்காத பகுதியில் ஓட்னி என்ற அம்மாள் ஒற்றை ஆளாகப் பண்ணை நடத்தினார். அவர் வளர்த்த மோஸி என்ற கிடாவுக்கு நடுக்கு நோய் அண்டாத மரபணு இருந்தது. பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் அதைக் கொடுக்கக்கூடிய கிடா அது. கோடையில் பொலிகிடா நிலையத்தார் வந்து அதை வாங்கிப் போனார்கள். டிசம்பரில் நிலையத்திலிருந்து மோஸியின் விந்தை வரவழைத்து ஓட்னி தன் ஆடுகளுக்குச் சினை ஊசி போடுவார், இலையுதிர் காலத்தில் நாற்பது பெண்குட்டிகளை டோர்ஃபிக்குக் கொடுப்பார் என்று பேச்சு. குட்டிகளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். மரபணு இல்லாத ஒரு குட்டிகூட மலையைத் தாண்டி வர முடியாது. ஆக, பிரெக்கா பண்ணை அந்த ஒரு கிடாவின் தலையில் நின்றது.

நவம்பர் பிறந்தால் எங்களுக்குக் கிடாப் புத்தகம் வந்துவிடும். அந்த வருஷத்துப் பொலிகிடாக்கள் ஒவ்வொன்றின் படமும் முதுகு, தொடை, கம்பளி மதிப்பெண்களும் அதில் இருக்கும். ஒரு மாதத்துக்குப் படுக்கையில் வேறு எதையும் யாரும் படிப்பதில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மன்றத்தில் கிடாக் கூட்டம். ஆலோசகர் யோர்டிஸ் ஸ்லைடு போட்டு ஒவ்வொரு கிடாவையும் பற்றிப் பேசுவாள். நாங்கள் புகைபோட்ட ஆட்டிறைச்சியைத் தட்டை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டே, நிலையத்துக்காரர்களுக்குக் கிடா பார்க்கவே தெரியாது என்று சொல்வோம்.

அந்த வருஷம் வியாழக்கிழமையே மலைப் பாதையில் பனி மூடிவிட்டது. அந்தப்பக்கத்து ஏழு பண்ணைக்காரர்களும் வர முடியாது. வெள்ளிக்கிழமை மாலை விவசாயச் சங்கத் தலைவி ஸ்டெய்னுன் டோர்ஃபிக்கு ஃபோன் செய்தார். மகளிர் சங்கம் வாங்கிக் கொடுத்த பெட்டி ஒன்று மன்றத்து அலமாரியில் இருக்கிறது, அதை வைத்து நேரலை போட்டுவிடு, ஸ்லைடும் தெரிய வேண்டும், கிடா நடக்கும் வீடியோவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். டோர்ஃபி "இரு, இரு" என்பதற்குள் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே நிறைய வயர்கள், ஒரு மைக், சார்ஜர் இல்லாத ஒரு கேமரா, எட்டுப் பொத்தான் வைத்த கறுப்புச் சாதனம் ஒன்று. கேமராவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். யோர்டிஸின் முகத்தை யாரும் பார்த்தாக வேண்டியதில்லை, குரல் கேட்டால் போதும். பாக்கியை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு முழி முழியென்று முழித்தார். ஒரு வயரின் இரண்டு நுனியும் ஒரே மாதிரி இருந்தன. இன்னொன்றின் இரண்டு நுனியும் வேறு வேறாக இருந்தன. எது எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டார். போட்ட படத்தில் ஒரு வயர் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

போன வருஷம் இதை மாட்டிக் காட்டிய ஆள் விட்டுப்போன குறிப்பு ஒன்று அடியில் கிடந்தது. அதன்படி யோர்டிஸின் லேப்டாப்பிலிருந்து ஸ்லைடு ஒரு பக்கம் திரைக்கும் இன்னொரு பக்கம் கறுப்புச் சாதனத்துக்கும் போக வேண்டும். வீடியோ ஓடும் இன்னொரு லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் பியானோ பக்கத்துப் பழைய டிவிக்கும் இன்னொரு வயர் அதே சாதனத்துக்கும் போக வேண்டும். சாதனம் இரண்டையும் சேர்த்து மன்றத்து லேப்டாப் வழியாக வெளியே அனுப்பும். அதன் பின்னால் இரண்டே துளைகள். எந்தத் துளை எது என்று அச்சடித்திருந்த இடத்தின்மேல் மகளிர் சங்கம் தன் நன்கொடைச் சீட்டைச் சப்பென்று ஒட்டியிருந்தது. குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. வலது: பெரிய படம், ஸ்லைடு. இடது: மூலையில் சின்னப் படம், வீடியோ.

அதைப் படித்ததும் டோர்ஃபிக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் சட்டென்று புரிந்தது. முகம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது இருக்கிறது, வலதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதிலென்ன கஷ்டம். பொத்தான்கள் இருக்கும் பக்கம் தன்னைப் பார்க்க, எதிரே உட்கார்ந்து, சாதனத்தின் வலது காதில் ஸ்லைடையும் இடது காதில் வீடியோவையும் செருகினார். குறிப்பை எழுதியவன் நகரத்துக்காரன். அவன் வலது என்றது உட்கார்ந்திருக்கும் ஆளின் வலது. அது டோர்ஃபிக்குத் தோன்றவே இல்லை. உள்ளதைச் சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் தோன்றியிருக்காது.

பதினொரு மணிக்கு யோர்டிஸ் வந்து தன் லேப்டாப்புகளை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள். டோர்ஃபி ஓட்னிக்கு ஃபோன் போட்டு, உன் டிவியில் ஏதாவது வருகிறதா என்று கேட்டார். வருகிறது, ஒரு கிடா தெரிகிறது என்றார் ஓட்னி. மைக்கில் வணக்கம் சொல்லிப் பார்த்தார் டோர்ஃபி. ஒன்றும் கேட்கவில்லை என்றார் ஓட்னி. ஃபோனில் இரண்டு பேரும் குட்டி போடும் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு ஆம்பிளைக் குரல் வணக்கம் சொன்னது. டோர்ஃபியும் மரியாதையாகப் பதில் வணக்கம் சொன்னார். அது தன்னுடைய குரல்தான், அரை நிமிஷம் கழித்து ஓட்னியின் டிவியில் போய் ஃபோன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று புரிய இன்னும் இரண்டு வணக்கம் ஆயிற்று. இடையில் அந்த அரை நிமிஷம் வார்த்தை எங்கே போய் நின்றது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அனுப்பும் லேப்டாப்பின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் தெரிந்தது. அதில் கிடா பெரிதாகவும் ஏதோ எழுத்து மூலையில் சின்னதாகவும் இருந்தன. கிடாக் கூட்டத்தில் கிடா பெரிதாகத் தெரிகிறது, சரிதான் என்று அவர் திருப்தியாகப் போய் நாற்காலி போட்டார்.

ஒரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நாற்பது பேர் இருந்தோம். ஆல்டா சமையலறை வாசலில் காபி கூஜாவோடு நின்றாள். பெரிய திரையில் எண்கள் வரிசையாக வந்தன. பியானோ பக்கத்து டிவியில் கிடாக்கள் நடந்தன, முன்வரிசைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவில்லை, தெரியவில்லையே என்று யாரும் வருத்தப்படவும் இல்லை. எங்களுக்கு எண்தான் முக்கியம்.

நாலாவது கிடாவில் டோர்ஃபியின் கைபேசி அடித்தது. அந்தப்பக்கத்து ஆள் ஒருவர், எண் ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை, எறும்பு அளவுக்கு இருக்கிறது என்றார். ஐந்தாவது கிடாவில் இன்னொருவர் அதையே கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னார். ஸ்டெய்னுன் எழுந்து வந்து தீப்பெட்டிப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பெரிதையும் சின்னதையும் தலைகீழாகப் போட்டிருக்கிறாய் என்றார். வலது என்றுதானே போட்டிருந்தது, வலதில்தான் செருகினேன் என்றார் டோர்ஃபி. எது வலது என்று ஸ்டெய்னுன் கேட்க, டோர்ஃபி சாதனத்தின் வலது காதைத் தொட்டுக் காட்டினார். பின்வரிசையில் எதற்கும் கிண்டலடிக்கும் கெஸ்தூர் சும்மா இருப்பாரா.

"விடு ஸ்டெய்னுன். அவரு அதை மடியில கிடத்திக் காதை வெட்டாம விட்டாரே, அதுவே பெருசு."

மன்றமே சிரித்தது. அரை நிமிஷம் கழித்து மலைக்கு அந்தப்பக்கமும் சிரித்திருப்பார்கள். டோர்ஃபியும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டு வயரையும் பிடித்தார். எதை முதலில் பிடுங்குவது, பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடுமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே யோர்டிஸ் மூன்று கிடாக்களை முடித்துவிட்டு, எல்லாரும் காத்திருந்த மோஸிக்கு வந்தாள். மோஸியின் வீடியோ ஓடி முடிந்து, தொடை மதிப்பெண்ணைப் பற்றி அவள் பேசும்போது கைபேசி மறுபடியும் அடித்தது. ஓட்னி. டோர்ஃபி அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டதால் மன்றம் முழுக்கக் கேட்டது.

"டோர்ஃபி, எதையும் மாத்தாதே. அப்படியே பெருசா இருக்கட்டும். இவ காட்டுனது மோஸி இல்ல."

இது அந்த அரை நிமிஷக் கோளாறுதான் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். இங்கே மோஸி ஓடும்போது ஓட்னி வீட்டில் முந்தின கிடா ஓடியிருக்கும், குரல் ஒன்று படம் ஒன்றாகக் கேட்டிருக்கும் என்றார்கள். இன்னொருவர், டோர்ஃபி வயரை மாற்றியதில் கிடாவும் மாறியிருக்கும் என்றார். ஓட்னி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் படத்தைப் பார்த்தபோதே முகம் இடித்தது, நிலையத்துத் தீனியில் ஊதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன் என்றார்.

"முந்தினதும் தெரியாது, பிந்தினதும் தெரியாது. வில்லையில மோஸியோட நம்பர் இருக்கு. டிவி அகலத்துக்குப் பார்த்தேன். ஆனா முகம் மோஸி முகம் இல்ல. பாட்டில்ல பால் குடுத்து வளர்த்தவ நான்."

டோர்ஃபி வயர்களை விட்டுவிட்டார். வாழ்க்கையில் எத்தனையோ தடவை தப்புப் பண்ணித் தலைகுனிந்திருக்கிறார். இந்தத் தப்பு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். வயர்தான் மாறியிருக்கட்டும். ஊர் ஒரு வருஷம் சிரிக்கட்டும். நிலையத்தில் மோஸியின் பெயரில் வேறு கிடா நின்றால், ஓட்னியின் குட்டிகள் ஒன்றுகூட மலையைத் தாண்டாது, கொட்டகை காலியாகவே நிற்கும், பிரெக்கா போய்விடும். அவர் யோர்டிஸிடம் அந்த வீடியோவை மறுபடி போடச் சொல்லிவிட்டு, பியானோ பக்கத்து டிவிமுன் போய்க் குனிந்து நின்றார்.

கிடா நடந்தது. வெள்ளை உடம்பு, மஞ்சள் பாய்ந்த முகம், நல்ல கொம்பு. யாரோ கையைத் தட்ட, அது தலையைத் திருப்பிப் பார்த்தது. அங்கே நிறுத்தச் சொன்னார் டோர்ஃபி. வலது காது நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. இடது காது முழுசாக இருந்தது. ஓட்னி வீட்டு வெட்டு அவருக்கு மனப்பாடம். வலது காது நுனி மட்டமாக வெட்டு, இடது காதின் பின்பக்கம் விளிம்பில் கொத்தியெடுத்த மாதிரி இரண்டு கொத்து.

கண்ணாடியில் தெரிகிற மாதிரி படம் வலம் இடமாகத் திரும்பியிருந்தால்? அவருக்கு ஒரு மூச்சு வந்தது. வில்லையைப் பார்த்தார். எண்கள் நேராகப் படிக்கும்படி இருந்தன. படம் திரும்பவில்லை. அப்படியே திரும்பியிருந்தாலும் பிளவு பிளவுதான், இரண்டு கொத்து எங்கேயும் இல்லை. வயரை மாற்றிச் செருகினால் பெரியது சின்னதாகும், காதில் புது வெட்டு விழாது.

அவர் நிமிர்ந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சொல்லாமல் விட்டால் இன்னும் கொஞ்ச நேரம், ஒரு வாரமோ ஒரு மாதமோ, நாற்பது குட்டிகள் அவருடையவை. அந்த நினைப்பு வந்ததை அவரே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

"இரு, இரு. எனக்கு ஒண்ணு புரியல" என்றார் டோர்ஃபி. "வில்லை மோஸின்னு சொல்லுது. காது வேற வீட்டுதுன்னு சொல்லுது. நான் காதைத்தான் நம்புவேன்."

அன்றைக்கு அந்த வாக்கியத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் வில்லையை நம்புகிற ஆள் அந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. ஸ்டெய்னுன் எழுந்து போய்த் தன் கண்ணாலும் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். டோர்ஃபி வாசல் பக்கம் திரும்பி ஆல்டாவைப் பார்த்தார். கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயிரம் ஆட்டு முகம் படிக்கத் தெரிந்த மனிதருக்கு, முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கும் அந்த ஒரு முகத்தில் இருந்தது நிம்மதியா துக்கமா என்று பிடிபடவில்லை.

யோர்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. நிலையத்துக்கு ஃபோன் போட்டாள். தீனி போட்டுக்கொண்டிருந்த ஆள் எடுத்தான். அவன் முதலில் அப்படி எதுவும் நடக்க வாய்ப்பே இல்லை என்றான், அப்புறம் அக்டோபரில் நாலைந்து கிடாக்கள் முட்டிக்கொண்டு வில்லையைப் பிய்த்துப்போட்டதில் ஒரே நாளில் புதிதாகக் குத்தியது உண்மைதான் என்றான். கைபேசிக் கேமராவைப் போட்டுக்கொண்டு பட்டி பட்டியாக நடந்து காட்டச் சொன்னாள் யோர்டிஸ். அவள் அந்த அழைப்பை வீடியோ லேப்டாப்பில் திறந்தாள். படம் டிவிக்கு வந்தது, டோர்ஃபி செருகிய சாதனத்தின் இடது காது வழியாக மலைக்கு அந்தப்பக்கமும் பெரிதாகப் போனது.

நிலையத்து ஆள் வேகமாக நடந்தான். ஒரு கிடா, இன்னொரு கிடா, மூன்றாவது. திடீரென்று ஓட்னியின் குரல் கைபேசியில், "அவன்தான், அவன்தான்" என்றது. அப்போது டிவியில் தெரிந்தது கன்னங்கரேலென்று ஒரு கறுப்புக் கிடா. மன்றத்தில் குழப்பம் மூண்டது. கறுப்புக் கிடாவா மோஸி என்று ஒருவர் கேட்டார், இல்லை அதற்கு முந்தினது என்றார் இன்னொருவர், நிலையத்து ஆள் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கைபேசியைக் கூரையைப் பார்த்துத் திருப்பினான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நாற்பது பேரும் நின்றோம். தெளிவாக இருந்தது ஒரே ஒருவர். காலையில் தன் வணக்கத்துக்குத் தானே பதில் சொன்ன மனிதருக்கு அரை நிமிஷம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது.

திரும்பிப் போகச் சொன்னார் டோர்ஃபி. ஒவ்வொரு கிடாவின்முன்னும் நின்று, நிதானமாக நாற்பதுவரை எண்ணிவிட்டு, அப்புறம்தான் நகர வேண்டும் என்றார். அந்த ஆள் எண்ணினான். கறுப்புக் கிடா, நாற்பது. ஓட்னி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது, நாற்பது. ஒன்றுமில்லை. அதற்கடுத்த பட்டியில் ஃபன்னார் என்று பலகை தொங்கியது. தொடை மதிப்பெண் நன்றாக இருந்தும் மரபணு இல்லாததால் எங்களில் ஒருவரும் கேட்க நினைக்காத கிடா அது. மஞ்சள் முகம். கேமராவை நோக்கி நேராக வந்து, பால் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அந்த ஆளின் கையை மோந்தது.

முப்பதுவரை எண்ணியபோது கைபேசியில் ஓட்னி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வலது காதைப் பிடிச்சுக் காட்டு" என்றார் டோர்ஃபி. "உன்னோட வலது இல்ல. அதோட வலது."

கம்பளியை விலக்கிக் காட்டினான். நுனி மட்டமாக வெட்டியிருந்தது. இடது காதைத் திருப்பினான். பின்பக்கம் இரண்டு கொத்து.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சாதாரண வேலை. எந்தக் கிடாவிடமிருந்தும் இன்னும் விந்து எடுக்கத் தொடங்கவில்லை என்றாள் யோர்டிஸ். திங்கட்கிழமை இரண்டு கிடாக்களின் ரத்தத்தையும் அனுப்பிச் சரிபார்ப்பார்கள், முடிவு வரும்வரை மோஸியை யாரும் கேட்க வேண்டாம். நிலையத்து ஆள் நாலு தடவை மன்னிப்புக் கேட்டான். ஓட்னி, பத்துத் தடவை கேட்டாலும் என் பிள்ளையை அடையாளம் தெரியாதவன் நீ என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். கெஸ்தூர் எழுந்து வந்து, கறுப்புச் சாதனத்தின் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை இனிமேல் யாரும் சரி பண்ணக் கூடாது என்று உத்தரவு போட்டார். கூட்டம் காபிக்குக் கலைந்தது.

டோர்ஃபி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, கண் மட்டும் சமையலறை வாசலுக்கே போனது. ஆல்டாவுக்கு அந்த ஜன்னல் எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரியும். வீட்டின் படத்தை அவள் இன்னும் பையில் வைத்திருப்பதும் தெரியும். அவள் வந்து அவர் கோப்பையில் காபியை ஊற்றிவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஓட்னிகிட்ட எத்தனை சொல்லியிருக்கே?"

"நாப்பது."

"நாப்பது ஆட்டுக்கு அந்தக் கொட்டகை சூடே பிடிக்காது. அறுபதாக் கேளு."

"இரு, இரு. எனக்கு ஒண்ணு புரியல. அந்த வீடு?"

ஆல்டா டிவியைப் பார்த்தாள். அதில் மோஸி இன்னும் காது விறைக்க நின்றுகொண்டிருந்தது, அந்த ஆள் கைபேசியை அணைக்க மறந்திருந்தான்.

"நல்ல வீடுதான்" என்றாள். "ஆனா அந்த லிஃப்ட்டுல ஏறுறவங்கள்ல ஒருத்தர் பேரும் உனக்கு நிக்காது. நீ யாரு முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பே?"

ஆல்டாவின் கண் கலங்கியிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை. அப்போதுதான் மேஜைமேல் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள். ஏழு பண்ணைக்கும் அவ்வளவும் போயிருக்கிறது. அணைக்கலாம் என்று டோர்ஃபி கையை நீட்டினார். ஆல்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே இருவரும் காத்திருந்தார்கள்.

அரை நிமிஷம் கழித்துக் கைபேசி அடித்தது. "அறுபது தர்றேன்னு ஆல்டாகிட்ட சொல்லு" என்றார் ஓட்னி. டோர்ஃபி எதையும் திருப்பிக் கேட்காமல் கைபேசியை ஆல்டாவிடம் கொடுத்தார்.